கணக்குப் பிரிவு இல்லாத பள்ளிக்கூடம்

வருஷந்தோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியாகின்றன. எந்த ஜில்லா முந்திற்று, எந்த ஜில்லா பிந்திற்று, நூற்றுக்கு எத்தனை பேர் தேறினர் என்ற விவரங்கள் பத்திரிகைகளை நிரப்புகின்றன. நாமும் அவற்றைப் பிரசுரிக்கிறோம். இரண்டு நாட்களில் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. ஆனால், தேறிய பிள்ளைகளின் எதிர்காலத்தை நிர்ணயிக்கிற காரியம் அதற்குப் பிறகுதான் நடைபெறுகிறது. அது பத்திரிகைகளில் வருவதில்லை, மேடைகளில் பேசப்படுவதுமில்லை. தலைமையாசிரியரின் அறையில், ஐந்து நிமிஷத்தில், சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு குறியிடுவதோடு முடிந்துவிடுகிறது. “எந்தக் குரூப்?” என்ற கேள்வியைத்தான் சொல்கிறோம்.

இந்த ஏற்பாட்டை அறியாத அன்பர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுவோம். பத்தாம் வகுப்பு வரையில் தமிழ்நாட்டுப் பாடத் திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் கணிதமும் விஞ்ஞானமும் படிக்கின்றனர். பதினோராம் வகுப்பில் பாதை பிரிகிறது. மொழிப் பாடங்கள் இரண்டும் பொது. மற்றைய நான்கு பாடங்கள் பிரிவுக்குப் பிரிவு வேறு. கணிதம், பௌதிகம், ரசாயனம் மூன்றுடன் உயிரியலையோ கணினி அறிவியலையோ சேர்த்துப் படிப்பது ஒரு வழி. ஜனங்கள் ‘பர்ஸ்ட் குரூப்’ என்று மரியாதையோடு சொல்வது இதைத்தான். கணிதத்தை விட்டுவிட்டுப் பௌதிகம், ரசாயனம், தாவரவியல், விலங்கியல் படிப்பது இன்னொரு வழி. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் கொண்டது வேறொன்று. சரித்திரம் முதலியவை கொண்டதும், தொழிற்கல்வியும் தனித்தனி. இன்றைய பாடப் புத்தகங்கள் இயற்பியல், வேதியியல் என்று வழங்குபவற்றையே நாம் நமக்குப் பழகிய பெயர்களால் பௌதிகம், ரசாயனம் என்கிறோம்.

ஏட்டில் வழிகள் இத்தனை இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் எத்தனை இருக்கின்றன? அதுதான் கேள்வி. ஒரு பிரிவை நடத்துவதற்குப் பாடந்தோறும் முதுகலை ஆசிரியர் வேண்டும். விஞ்ஞானப் பிரிவானால் சோதனைச்சாலை வேண்டும். சேருவதற்குப் பிள்ளைகளும் வேண்டும். ஆதலால் எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை. ஒன்றில் வணிகமும் தொழிற்கல்வியும் மட்டும் இருக்கும். மற்றொன்றில் விஞ்ஞானம் இருக்கும், கணிதம் இராது. வேறொன்றில் அறிவிப்புப் பலகையில் எல்லாம் இருக்கும். வகுப்பில் ஆசிரியர் இருக்கமாட்டார்.

ஐந்து நிமிஷத் தீர்ப்பு

கிராமத்துக் கூலிக்காரர் ஒருவருடைய மகளை நினைத்துக்கொள்வோம். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள். ஊருக்கு அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பிரிவு இல்லை. அது இருக்கும் பள்ளி பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மாலை பஸ் தவறினால் இருட்டிய பிறகுதான் வீடு. தகப்பனார் யோசிக்கிறார். “பக்கத்திலே என்ன இருக்கிறதோ அதைப் படி அம்மா” என்கிறார். அவள் படிக்கிறாள். அநேகமாக நன்றாகவே படித்துத் தேறுகிறாள். எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள்.

இதிலே யார் மீது குற்றம் சொல்வது? தலைமையாசிரியர் இல்லாததை இல்லை என்று சொன்னார். தகப்பனார் மகளின் பத்திரத்தை நினைத்தார். ஆயினும் அந்தப் பெண்ணின் மீது ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டது. இனி அவள் நினைத்தாலும் இஞ்சினீயரிங் கல்லூரியில் சேர முடியாது. கட்டிடக் கலை படிக்க முடியாது. கணிதத்திலோ, புள்ளியியலிலோ, பௌதிகத்திலோ பட்டம் பெறும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. தேசியப் பாதுகாப்பு அகாடமி மூலமாகக் கடற்படைக்கோ விமானப் படைக்கோ செல்ல விரும்பினால், பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பதினைந்து வயதில், ஐந்து நிமிஷத்தில், இத்தனை கதவுகள் சாத்தப்பட்டன. அவை சாத்தப்படும் சப்தம்கூட அவள் காதில் விழவில்லை.

நாம் நியாயஸ்தலங்களில் பழகியவர்கள். பிரதிவாதி வராத சமயத்தில் ‘எக்ஸ்பார்ட்டி’யாகத் தீர்ப்பாகிவிட்டால், தக்க காரணம் காட்டி அதை ரத்து செய்யும்படி மனுக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கடன் பத்திரத்தின் மீது ஏற்பட்ட வழக்குக்கே இந்தப் பாதுகாப்பு. ஒரு குழந்தையின் அறிவைப் பற்றிய தீர்ப்புக்கு மனுவும் கிடையாது, அப்பீலும் கிடையாது.

1978இல் கொடுத்த வாக்கு

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை நினைவூட்டுவது அவசியமாகிறது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் ஆரம்பமாயிற்று. அதற்கு முன் பதினோரு வருஷம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள், பி.யூ.சி. என்ற ஒரு வருஷப் படிப்புக்குக் கல்லூரிக்குச் செல்ல வேண்டியிருந்தது. கல்லூரி நகரத்தில் இருந்தது. நகரத்தில் தங்கிப் படிக்கச் செலவாயிற்று. விஞ்ஞானத்தை முறையாகக் கற்கும் வாய்ப்பு, நகரத்துக்குப் பிள்ளையை அனுப்பக்கூடிய வீடுகளுக்கே உரியதாக இருந்தது.

1978ஆம் வருஷத்து மாறுதல் இந்த நிலைமையை உடைத்தது. கல்லூரியிலிருந்த பாடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பௌதிக சோதனைச்சாலையும் ரசாயன சோதனைச்சாலையும் தாலூகா ஊர்களுக்கும், பிறகு பெரிய கிராமங்களுக்கும் வந்தன. இது சிறிய காரியமன்று. அன்று முதல் எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்தப் படியில் ஏறி மருத்துவர்களாகவும் இஞ்சினீயர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். ஆனால் அந்த மாறுதலில் ஒரு வாக்கு அடங்கியிருந்தது. உயர்ந்த கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தேடிப் பிள்ளை நகரத்துக்குப் போக வேண்டியதில்லை; அவை பிள்ளையைத் தேடி வரும் என்பதே அந்த வாக்கு. கணிதப் பிரிவு இல்லாத ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் அந்த வாக்கு நிறைவேறாமல் நிற்கும் இடம் என்றே நாம் கருதுகிறோம்.

இதற்கும் முன்பே தேசம் ஒரு கொள்கையை ஏற்றிருந்தது. பௌதிக நிபுணரான டி.எஸ். கோத்தாரியைத் தலைவராகக் கொண்ட கல்விக் கமிஷன் 1966இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. பள்ளியின் முதல் பத்து வருஷங்களில் கணிதமும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் கட்டாயமாக இருக்க வேண்டுமென்று அது கூறிற்று. அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பிலேயே ‘ஜெனரல் மாத்ஸ்’, ‘காம்போஸிட் மாத்ஸ்’ என்று கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலேசான கணக்கு, கடினமான கணக்கு என்று பிள்ளைகளை முன்கூட்டியே இரு கூட்டமாக நிறுத்தும் வழக்கம் அது. நம் மாநிலப் பத்தாம் வகுப்பில் இன்று எல்லோருக்கும் ஒரே கணக்குப் பரீட்சை இருப்பது நல்லதே. மத்திய போர்டு 2020ஆம் வருஷப் பரீட்சை முதல் ‘ஸ்டாண்டர்டு’, ‘பேஸிக்’ என்று கணக்கில் இரண்டு தரம் வைத்துப் பழைய பிளவைத் திரும்பவும் கொண்டுவந்தது. நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இராமானுஜன் கற்பிப்பது

கணிதத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் யார் பேசினாலும் இராமானுஜனின் பெயர் வராமல் போகாது. ஆனால் அவருடைய சரித்திரத்திலிருந்து பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. நாம் எடுத்துக்கொள்ள விரும்பும் பாடம் வேறு. மேதை எங்கிருந்தாலும் தானே வெளிவந்துவிடும் என்பது அவர்கள் பாடம். அது உண்மையானால் பள்ளிக்கூடங்களே தேவையில்லை.

இராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904 வரையில் படித்தார். கணக்கில் பரிசு பெற்றார். அங்கே கணிதம் இருந்தது. அதைக் கற்பிக்க உபாத்தியாயர்களும் இருந்தனர். பிறகு கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களைக் கவனியாததால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் எப்.ஏ. படித்தபோது, உடற்கூற்றைக் கற்பிக்கும் பிஸியாலஜிப் பாடம் அவருக்குத் தடையாயிற்று. கணிதத்தில் ஒப்பற்றவர் எப்.ஏ. தேறவில்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு 1913இல் அவர் எழுதிய கடிதம் பதில் பெறாமற் போயிருந்தால், உலகம் அவரை அறிந்திராது.

அன்று எல்லாப் பாடங்களையும் எல்லோர் மீதும் சுமத்தியதால் ஒரு மேதை தடுமாறினார். இன்றோ, வேண்டிய பாடம் பள்ளியில் இல்லாததால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இரண்டும் எதிரெதிர் தவறுகள் போலத் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பிள்ளைக்காகப் பாடத் திட்டம் என்பதை விட்டு, பாடத் திட்டத்துக்காகப் பிள்ளை என்று நினைப்பதுதான் அந்த வேர். பிஸியாலஜியால் தடைப்பட்டவரைப் பற்றியாவது நமக்குத் தெரிந்தது. கணக்குப் பிரிவு இல்லாததால் கணக்குப்பதிவில் போய்ச் சேர்ந்தவர்களில் யார் என்னவாகியிருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்?

சொல் வந்தது, ஆசிரியர் வரவில்லை

விஞ்ஞானம் தமிழுக்கு ஒத்துவராது, அதற்குரிய சொற்கள் நம்மிடம் இல்லை என்று ஒரு காலத்தில் படித்தவர்களே சொல்லி வந்தனர். அதற்கு விடையளிக்கவே 1916இல் ராஜாஜியும் அவருடைய நண்பரும் சேலத்தில் விஞ்ஞானச் சொற்களுக்காகச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். 1948இல் கோயம்புத்தூரிலிருந்து ‘கலைக்கதிர்’ வெளிவரத் தொடங்கியது. அந்த உழைப்பு வீண்போகவில்லை. இன்று பன்னிரண்டாம் வகுப்பின் நுண்கணிதமும், மின்காந்தவியலும், கரிம ரசாயனமும் நல்ல தமிழில் அச்சாகிப் பள்ளிகளுக்கு வருகின்றன. சொல் இல்லை என்ற சமாதானம் தீர்ந்தது. புத்தகம் இல்லை என்ற சமாதானமும் தீர்ந்தது. புத்தகத்தை விரித்துப் பாடம் சொல்ல ஆசிரியர் இல்லாவிட்டால், அந்த உழைப்பெல்லாம் யாருக்கு?

ஆசிரியர் பணியிடம் காலியாகிறது. ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். ஆனாலும் அடுத்தவர் உரிய காலத்தில் வருவதில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பச் சம்பளத்துக்கு ஒருவரைத் தேடிக்கொள்கிறது. அவரும் கிடைக்காத இடத்தில், அடுத்த வருஷம் ‘மாணவர் சேரவில்லை’ என்ற காரணத்தால் பிரிவே நலிகிறது. ஆசிரியர் இல்லாததால் மாணவர் இல்லை. மாணவர் இல்லாததால் ஆசிரியர் தேவையில்லை. இந்தச் சுழலில் அகப்பட்ட பள்ளி மீள்வது எளிதன்று.

சோதனைச்சாலையின் கதையும் இவ்வாறே. பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்குமாக 30. திருகு அளவியைக் கையில் பிடித்து ஒரு கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை அளந்து பார்த்த பிள்ளைக்கு, ‘ஏறக்குறைய’ என்ற சொல்லின் மீது ஒரு சந்தேகம் பிறக்கிறது. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளியில் திரவம் முழுவதும் நிறம் மாறுவதைப் பார்த்தவன், பிறர் சொல்லைவிடத் தன் கண்ணை நம்பக் கற்றுக்கொள்கிறான். விஞ்ஞானக் கல்வியின் உயிர் இங்கே இருக்கிறது. பூட்டிய அலமாரிக்கு வெளியே நின்று, படத்தைப் பார்த்துச் செய்முறைக் குறிப்பேட்டை நிரப்புகிறவன் மனப்பாடத்தைத்தான் கற்கிறான்.

சில ஆட்சேபங்கள்

நம் கருத்துக்குச் சில ஆட்சேபங்கள் உண்டு. கணிதப் பிரிவை ஆரம்பித்தாலும் பிள்ளைகள் பயந்து சேருவதில்லை என்பது முதலாவது. இது ஓரளவு உண்மை. ஆனால் பயம் பிறவியில் வருவதன்று. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல், எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் புரியாமல், ஒவ்வொரு வருஷமும் மேலே தள்ளப்பட்டவனுக்குப் பதினோராம் வகுப்பில் பயம் வராமல் என்ன செய்யும்? ‘பிஸா’ என்ற சர்வதேச மதிப்பீட்டின் 2009ஆம் வருஷச் சுற்றில் தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டன. பட்டியலின் அடியில் நமக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பின் 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவேயில்லை. காய்ச்சலைக் காட்டிய கருவியை எறிந்துவிட்டால் காய்ச்சல் போய்விடாது. கீழ் வகுப்புகளில் கணக்கைச் சரிப்படுத்த வேண்டுமென்பதற்கு இது காரணமாகும். மேல் வகுப்பில் கணக்கை எடுத்துவிடுவதற்கு அன்று.

இஞ்சினீயர்கள் வேலையில்லாமல் திரிகிறார்களே, இன்னும் எதற்குக் கணக்கு என்பது இரண்டாவது. கணிதம் இஞ்சினீயர்களின் சொத்து என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. கந்துக் கடை வழக்கைப் பாருங்கள். மாதம் ஐந்து வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கியவன், வருஷத்துக்கு அறுபது சதவிகிதம் என்று கணக்கிட்டு, பதினாறாயிரத்தில் முடியும் என்று நினைக்கிறான். வட்டி கட்டத் தவறி, வட்டிக்கு வட்டி மாதந்தோறும் ஏறினால், பன்னிரண்டாம் மாத முடிவில் அது 17,959 ரூபாய் ஆகிறது. இந்தக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து முளைத்தது என்பதை அறிந்தவனை ஏமாற்றுவது கடினம். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு துறைக்குப் பணம் ‘கூடியிருக்கிறது’ என்று மந்திரி சொல்லும்போது, விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் உண்மையில் கூடியதா குறைந்ததா என்று கேட்பதற்கும் இதே அறிவு வேண்டும். எண்களைப் படிக்கத் தெரியாத ஜனங்களை, எண்களைப் படிக்கத் தெரிந்த சிலர் ஆளுவார்கள். ஜனநாயகத்துக்கு இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பது மூன்றாவது. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளையும் வைக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. சர்க்கார் பிள்ளைகளுக்குச் செய்துள்ள நன்மைகளை நாம் மறைக்கவும் இல்லை. பதினோராம் வகுப்பில் சேரும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கு இலவச சைக்கிள் உண்டு. பஸ்ஸில் இலவசப் பயணம் உண்டு. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், இஞ்சினீயரிங் முதலிய படிப்புகளில் 2021இலும் 7.5 சதவிகித ஒதுக்கீடு ஏற்பட்டது. மெத்தச் சந்தோஷம். ஆனால் இஞ்சினீயரிங் இடத்துக்கு மனுப்போடுகிறவர் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் படித்திருக்க வேண்டுமே! உச்சியில் இடத்தை ஒதுக்கிவிட்டு, அடியில் பாடத்தை ஒதுக்காமல் விட்டால், அந்த இடத்தில் யார் அமருவது? சைக்கிள் கொடுத்தாயிற்று, அது போய்ச் சேர வேண்டிய பள்ளியில் பிரிவைத் திறப்பதுதான் பாக்கி.

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் கேட்பது நான்கே விஷயங்கள். முதலாவது, ஒவ்வொரு ஒன்றியத்திலும் எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்ற விவரத்தைச் சர்க்கார் வெளியிட வேண்டும். சைக்கிளிலோ ஒரு பஸ்ஸிலோ போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் கணிதத்தோடு கூடிய விஞ்ஞானப் பிரிவு இல்லாத கிராமமே இருக்கக்கூடாது. இரண்டாவது, கணித, விஞ்ஞான முதுகலை ஆசிரியர்களின் காலி இடங்கள் ஜூன் மாதத்துக்கு முன் நிரப்பப்பட வேண்டும். மூன்றாவது, விஞ்ஞானம் படியாத பிள்ளைக்கும் கணக்கு அடியோடு அற்றுப்போகக் கூடாது. வணிகப் பிரிவுள்ள பள்ளிகளில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் கற்கும் வசதியாவது இருக்க வேண்டும். நான்காவது, எந்தப் பிரிவு எந்தக் கதவைத் திறக்கும், எதைச் சாத்தும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பெற்றோரைக் கூட்டி, பரீட்சைக்கு முன்பே தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பது ஒரு பாதி; மற்றொரு பாதி நம்முடையது. நமது வாசகர்களில் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் பலர். கூட்டம் போடுவதும் தீர்மானம் நிறைவேற்றுவதும் அவர்களுக்குப் புதிதன்று. அவர்களிடம் ஒரு சிறு வேலையைக் கோருகிறோம். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு நாள் செல்லுங்கள். பிரிவுகள் எவை என்று கேளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். சோதனைச்சாலையின் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அலமாரிப் பூட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம். அநேகமாக அவர் உங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டுக் கொண்டிருப்பார்; எழுதி எழுதிக் கை ஓய்ந்தவராகவும் இருப்பார். அவருடைய கடிதத்துக்குப் பின்னால் ஊர் நிற்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசுங்கள். மே மாதம் முதல் தேதி கிராம சபை கூடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. சாலையும் சாக்கடையும் பேசும் சபையில், கணக்குப் பிரிவு ஏன் இல்லை என்றும் ஒருவர் எழுந்து கேட்கட்டும்.

மீண்டும் ஜூன் மாதம் வரும். தலைமையாசிரியரின் அறைக்கு வெளியே பெற்றோர் வரிசையாக நிற்பார்கள். கணக்கில் தொண்ணூறு வாங்கிய பெண் தகப்பனாரின் பக்கத்தில் நிற்பாள். “எந்தக் குரூப் அம்மா?” என்று அவளைக் கேட்பார்கள். அவள் மனத்திலிருப்பதைச் சொல்வதற்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடமிருக்க வேண்டும். அதற்கு இப்பொழுதே முயல வேண்டும். வரிசை நின்ற பிறகு முயல்வதால் பயனில்லை.